இரண்டாம் பாகமும் ரசிகரின் கோபமும்

சென்ற வருடம் எங்கள் தமிழ் மன்றத்தின் சுவர்ச் சஞ்சிகையில் ஒரு தொடர்கதை எழுதினேன். வாவியில் தோணி வலிக்கும் ஒருவரின் மகளைப் பற்றிய கதை. வாப்பாவின் கை உடைந்துபோன மாதத்தில் அவள் சுபஹோடு எழும்பித் தோணியை எடுத்துக்கொண்டு இறால் வலை பார்க்கப் போவாள். ஆறு வாரம் ஓடியது. இடைவேளையில் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் கூடி நின்று வாசிப்பதை நான் மாடிப்படியில் நின்று பார்ப்பேன். கதை முடிந்ததும் "ரெண்டாம் பாகம் எப்ப ராத்தா?" என்று நச்சரித்தார்கள். எழுதினேன். அதில் அவள் கொழும்புக்குப் படிக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது வாரமே ஒன்பதாம் தரத்து மாணவி ஒருத்தி கொப்பித்தாள் ஒன்றைப் பலகையின் கீழ் மூலையில் குத்திவிட்டுப் போயிருந்தாள். "முதற் பாகத்தில் வந்த ஆள் இதில் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. வாவியும் இல்லை" என்று மூன்று வசனம். கீழே தன்னுடைய பெயரையும் வகுப்பையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். அடுத்த வாரம் நான் தலைப்புக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: கதை எழுதத் தெரியாதவர்கள் கதையைத் திருத்த வரவேண்டாம். தோழிகள் சிரித்தார்கள். எனக்கும் வென்றுவிட்டது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மன்றக் கூட்டத்துக்கு வரவில்லை.

அதே கிழமை ஒரு நாள் இரவு தம்பி கைபேசியைக் கட்டிலில் வீசி எறிந்தான். அவன் விளையாடும் விளையாட்டின் புதிய பதிப்பு வந்திருந்தது. "நல்லா இருந்தத நாசமாக்கிட்டானுகள் ராத்தா. வெளாடுற நம்மள்ட்ட ஒரு வார்த்தை கேட்டானுகளா?" என்றான். பாவம், நியாயம்தானே என்று நானும் அவனோடு சேர்ந்து முகம் தெரியாத அந்த மனிதர்களை ஏசினேன். படுக்கப்போன பிறகுதான் உறைத்தது. தம்பி சொன்னது அந்த ஒன்பதாம் தரத்துப் பிள்ளை சொன்னதுதான். நான் ஏசியது என்னைத்தான்.

ஒரு விளையாட்டின் அடுத்த பாகத்தைச் செய்கிறவர்கள் ரசிகரின் கண்டனத்தை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று தேடத் தொடங்கியது அப்படித்தான். கணினி விளையாட்டு ஆண்பிள்ளைகளின் காரியம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் கல்கியும் வருகிறார், எங்கள் மட்டக்களப்புக் கூத்தும் வருகிறது.

முதலில், ரசிகருக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று பார்ப்போம். ஒரு சட்டை பிடிக்காவிட்டால் வாங்காமல் விடுகிறோம். கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில்லை. இரண்டாம் பாகம் அப்படியல்ல. முதற் பாகத்தை நாம் ஏற்கெனவே நம்முடையதாக்கிக்கொண்டு விடுகிறோம். அந்த ஆட்கள் நம் வீட்டு ஆட்கள். அந்த இடம் நமக்குத் தெரிந்த இடம். விளையாட்டில் இது இன்னும் அதிகம். கதையில் கதாநாயகி முடிவெடுக்கிறாள், நாம் வாசிக்கிறோம். விளையாட்டிலோ முடிவெடுப்பது விளையாடுகிறவரே. நாற்பது ஐம்பது மணித்தியாலம் அப்படி முடிவெடுத்த ஒருவரிடம் "இது எங்கள் படைப்பு, உங்களுக்கென்ன?" என்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

இதற்கு நல்ல உதாரணம் 'மாஸ் எஃபெக்ட்'. கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள பயோவெயார் நிறுவனம் செய்த விண்வெளிக் கதை. 2007, 2010, 2012 என்று மூன்று பாகங்கள். முதற் பாகத்தில் நீங்கள் ஒருவரைக் காப்பாற்றினால் மூன்றாம் பாகத்தில் அவர் உயிரோடு வருவார், கைவிட்டால் வரமாட்டார். உங்கள் தீர்மானங்கள் ஒரு பாகத்திலிருந்து அடுத்ததற்குக் கூடவே வரும். ஐந்து வருடம் ரசிகர்கள் அந்த வாக்குறுதியை நம்பி விளையாடினார்கள். 2012 மார்ச்சில் மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சி வந்தபோது, எதைச் செய்து வந்தவருக்கும் ஏறத்தாழ ஒரே முடிவு. வெடிப்பின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறியது.

கோபம் பொங்கியது. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பகுதி எடுத்த வடிவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரசிகர்கள் பணம் சேர்த்து நிறுவனத்துக்கு 400 சிறு கேக்குகள் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் கிறீம். உள்ளே எல்லாம் ஒரே சுவை. சொல்லவேண்டியதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நிறுவனம் அந்தக் கேக்குகளை உள்ளூர் இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. இன்னொரு பக்கம், முடிவை மாற்றக் கோரிய ரசிகர்கள் மருத்துவமனைகளில் உள்ள சிறுவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பொன்றுக்காக 80,000 டொலருக்கு மேல் திரட்டினார்கள். ஏச்சும் இருந்தது. ஆனாலும் நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவர் பகிரங்கக் கடிதம் எழுதி, கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார். அதே வருடம் ஜூன் 26ஆம் திகதி, நீட்டப்பட்ட முடிவொன்றை இலவசமாக வெளியிட்டார்கள்.

அந்த நீட்டிப்பில் அவர்கள் முடிவைத் தூக்கி எறியவில்லை. அதே முடிவுகள்தான். முன்பு சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னார்கள்: உங்கள் தோழர்களுக்கு என்ன நடந்தது, நீங்கள் செய்தவை எங்கே போய்ச் சேர்ந்தன. எந்தத் தெரிவையும் ஏற்காமல் மறுத்துவிடும் வழி ஒன்றையும் புதிதாகச் சேர்த்தார்கள். எல்லாரும் திருப்தியடைந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'முடிவு எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஆயிரக்கணக்கானோர் எழுதிய கடிதங்களின் அடியில் 'என் தோழர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்' என்பதும் இருந்ததை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ரசிகர் காட்டும் நோவு எப்போதும் உண்மை. அவர் சொல்லும் மருந்து சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. வயிறு நோகிறது என்று வரும் நோயாளிக்கு அவர் கேட்கும் குளிசையையே எழுதிக் கொடுக்கும் டொக்டரிடம் நாம் போவோமா?

இதை வாசித்தபோது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உம்மம்மாவின் அலுமாரியில் இருக்கும் 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்தது.

கல்கி அந்த நாவலை 1950இல் தன் வார இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக எழுதினார். வந்தியத்தேவனும் குந்தவையும் பூங்குழலியும் வாரா வாரம் வீடுகளுக்குள் வந்துபோனார்கள். கதை முடிந்தபோது வாசகர்களுக்கு மனம் ஆறவில்லை. இன்னாருக்கு என்ன நடந்தது, இன்னாரின் கலியாணம் நடந்ததா, இப்படித் திடுதிப்பென்று முடிக்கலாமா என்று கேட்டார்கள். கல்கி என்ன செய்தார் தெரியுமா? ஒரு முடிவுரை எழுதினார். முழுக்கக் கற்பனையாக எழுதும் கதைக்கும் சரித்திரத்தை ஆதாரமாகக் கொண்ட கதைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். தன்னுடைய முந்தைய நாவல்களான 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டும் எப்படி முடிந்தன, இது ஏன் அப்படி முடியவில்லை என்று சொன்னார். அருள்மொழிவர்மன் தனக்குக் கிடைக்கவிருந்த முடியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததுதான் இந்தக் கதையின் உச்சம் என்பது அவருடைய கட்சி. அத்தோடு நிற்காமல் பாத்திரங்களின் பிற்கால வாழ்வைப் பற்றியும் சொன்னார். கதையில் ஒரு வரியையும் மாற்றவில்லை. வாசகர்களை ஒரு இடத்திலும் குறைத்துப் பேசவில்லை. பயோவெயாருக்கு 58 வருடங்களுக்கு முன்பே எங்கள் தமிழில் ஒருவர் செய்த வேலை அது. (ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அவர் கடைசிவரை மூடியே வைத்தார். அதைப் பற்றி உம்மம்மாவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை.)

கல்கி இரண்டாம் பாகம் எழுதவில்லை. பின்னால் வருகிறவர்கள் அந்தக் காலத்தை வைத்து எழுதலாம் என்று வழியைத் திறந்து விட்டார். 1954 டிசம்பரில் காலமானார். பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யைத் தொடர்ச்சியாக எழுதினார். பாலகுமாரன் ராஜராஜனின் பிற்கால வாழ்வை 'உடையார்' என்று ஆறு பாகங்களில் எழுதினார். விளையாட்டு உலகிலும் இப்படி ஒன்று நடந்தது. 2004இல் வந்த 'நைட்ஸ் ஒஃப் த ஓல்ட் ரிபப்ளிக்' இரண்டாம் பாகம் அவசரமாக வெளியிடப்பட்டது. கடைசிப் பகுதி அரைகுறை. ஆனால் செய்தவர்கள் வெட்டிய துண்டுகள் விளையாட்டின் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தன. ரசிகர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து, சம்பளமில்லாமல், அவற்றைத் தேடி எடுத்து ஒட்டி முழுமையாக்கினார்கள். குறை சொன்ன அதே கூட்டம்தான் அதைச் செய்தது.

இனி மோசமான பதிலைப் பற்றிச் சொல்கிறேன். இதில் எனக்கு அனுபவம் உண்டு. 2017 நவம்பரில் 'ஸ்டார் வோர்ஸ் பட்டில்ஃபிரண்ட்' இரண்டாம் பாகம் வரவிருந்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் டார்த் வேடர் போன்ற பெயர்பெற்ற பாத்திரங்கள் பூட்டிக் கிடந்தன. ஒரு பாத்திரத்தைத் திறக்கப் பல பத்து மணித்தியாலம் விளையாட வேண்டும் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நிறுவனத்தின் பதில், உழைத்துத் திறக்கும்போது உங்களுக்குப் பெருமிதம் ஏற்படும் என்ற பொருளில் இருந்தது. அந்த ஒரு பதிலுக்கு ரெடிட் தளத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்தன. அந்தத் தளத்தின் சரித்திரத்திலேயே அதுவரை எந்தக் கருத்துக்கும் அவ்வளவு விழுந்ததில்லை. நிறுவனம் திறக்கும் விலையை 75 வீதம் குறைத்தது. போதவில்லை. வெளியீட்டுக்குச் சற்று முன்பு உள்ளே காசு கொடுத்து வாங்கும் வசதியையே நிறுத்தி வைத்தது.

அந்தப் பதிலில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. என் ஒற்றை வரியைவிட எவ்வளவோ மரியாதையானது. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று, சொல்லப்பட்ட பதில் வேறொன்று. "ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டவருக்கு, "உங்களுடைய நன்மைக்குத்தான்" என்று பதில். கேட்டவரை விளங்காதவராக்கிவிடும் பதில் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அடிக்கும். காசு, வாக்குறுதி, வேலை செய்யாத பகுதி என்று வரும் குறைகளுக்கு விளக்கமே தேவையில்லை. திருத்தவேண்டும், அல்லது முடியாதென்று நேராகச் சொல்லவேண்டும். 'ஓவர்வொட்ச்' இரண்டாம் பாகம் வந்தபோது முதற் பாகத்தின் சேர்வர்களை மூடினார்கள். பழையதை விரும்பியவர் திரும்பிப் போய் விளையாட வழியில்லை. இரண்டாம் பாகத்துக்கென்று சொல்லியிருந்த பெரிய கதைப் பகுதியையும் 2023 மே மாதம் கைவிட்டார்கள். எவ்வளவு அழகான அறிக்கை விட்டாலும் இதை மூட முடியுமா? ஒரு நாவலின் இரண்டாம் பாகம் வந்ததும் வீடுகளில் இருக்கும் முதற் பாகத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனால் எப்படியோ அப்படி.

ஆனால் சொல்வதையெல்லாம் கேட்டு ஆடவேண்டுமா? இல்லை. நிண்டெண்டோவின் 'செல்டா' விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2000இல் அவர்கள் காட்டிய மாதிரிக் காட்சி நிஜத்தைப் போன்றிருந்தது. ரசிகர்கள் அதையே எதிர்பார்த்திருக்க, அடுத்த வருடம் காட்டியது சிறுவர் கார்ட்டூனைப் போன்ற ஒன்றை. பெரிய கண், குட்டைக் கால். ரசிகர்கள் கேலி செய்தார்கள். நிறுவனம் பின்வாங்காமல் 2002 டிசம்பரில் அதையே வெளியிட்டது. அதுதான் 'விண்ட் வேக்கர்'. அன்று நிஜம்போல இருக்கிறது என்று புகழப்பட்ட பல விளையாட்டுகள் இன்று பார்க்கப் பழசாகத் தெரிகின்றன, இது தெரிவதில்லை. 2013இல் அதைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது ஆசையோடு வாங்கினார்கள். இடையில் 2006இல், ரசிகர் கேட்ட அந்த நிஜத் தோற்றத்தோடு வேறொரு செல்டாவையும் கொடுத்தார்கள். ஒரு படைப்பைப் பாதியில் முறித்து வளைக்காமல், கேட்டதை அடுத்த படைப்பில் கொடுப்பதும் ஒரு பதில்தான். ருசி பற்றிய கண்டனத்துக்குக் கொஞ்சக் காலம் கொடுக்கலாம். பூட்டிய கதவைப் பற்றிய கண்டனத்துக்குக் காலம் கொடுக்க முடியாது.

இதைத் தவிர, கண்டனம் என்ற பெயரில் வருவதெல்லாம் கண்டனமும் அல்ல. 2020 ஜூனில் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், ரசிகர்கள் நேசித்த ஒருவரை ஒரு பெண் பாத்திரம் கொன்றுவிடுகிறது. அந்தப் பாத்திரத்துக்குக் குரலும் நடிப்பும் கொடுத்த லோரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கதையை அவர் எழுதவில்லை, சொல்லப்பட்டதை நடித்தார். நிறுவனம் அந்த மிரட்டல்களைக் கண்டித்தது. இங்கே நிறுவனத்தின் கடமை வேறு: தன் ஆட்களைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வது. கோபத்துக்கு முகம் கொடுக்க வேண்டியவர் தீர்மானம் எடுத்தவர். நடித்தவரோ, வரைந்தவரோ, தொலைபேசிக்குப் பதில் சொல்லும் பிள்ளையோ அல்ல. ஆனால் இதிலே ஒரு தந்திரமும் இருக்கிறது. பத்துப் பேர் மிரட்டினால், பத்தாயிரம் பேர் மரியாதையாகச் சொன்னதையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டுத் தப்பிப்பது. "ரசிகர்கள் மோசமானவர்கள்" என்று ஒரு நிறுவனம் பொதுவாகச் சொல்லும்போது அந்தக் கேக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். என் பலகையின் கீழே இருந்த கொப்பித்தாளிலும் ஏச்சு ஒன்றும் இருக்கவில்லை. மூன்று வசனம், ஒரு பெயர், ஒரு வகுப்பு.

நான் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கிறேன். இந்தக் கட்டுரைக்கு வேறு எங்கெல்லாமோ தேடிக்கொண்டிருந்தபோது, பாடக்குறிப்பிலேயே ஒரு வழி கிடந்தது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்து ஒரே நாளில் மேடையேறுவதில்லை. அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் உரிய பாட்டையும் வசனத்தையும் பிரித்துக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். மாதக்கணக்காகப் பழகிய பிறகு சதங்கை அணி விழா. பிறகு கிழமைக் கூத்து. அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல் என்று ஒன்று வைப்பார்கள். உடுப்பில்லாமல் முழுக் கூத்தையும் ஊரின் முன்னால் ஆடிக் காட்டுவது. கூத்துத் தெரிந்த பெரியவர்கள் வந்திருந்து தாளம் பிசகுவதையும் பாட்டுக் குறைவதையும் சொல்வார்கள். திருத்துவதற்கு இன்னும் நாள் இருக்கிறபோதே சொல்வார்கள். அண்ணாவியார் கேட்பார், கேட்டதெல்லாவற்றையும் மாற்றுவார் என்றில்லை. சீலாமுனையில் கூத்தை மீளுருவாக்கம் செய்தவர்களும் ஆடுகிறவர்கள், அண்ணாவிமார், ஊரவர்கள் எல்லாரோடும் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் பழையதில் கை வைத்தார்கள். இன்றைய விளையாட்டு நிறுவனங்கள் முடியாத பதிப்பைச் சில ரசிகரிடம் கொடுத்து விளையாடச் சொல்லிக் குறை கேட்கின்றன. வாவியின் இரு கரையிலும் பெயர் வைத்துச் செய்துவந்த வேலை அது.

எனக்குத் தோன்றுவது, கண்டனத்துக்கு நல்ல பதில் பெரும்பாலும் வெளியீட்டுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட வேண்டிய ஒன்று. அரங்கேற்றத்தன்று முதன்முதலாகக் காட்டினால், பார்க்கிறவருக்குக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. செய்தவருக்குத் தன் மானத்தைக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை. தம்பியிடம் இதைச் சொன்னேன். "எனக்கு முதல்ல காட்டியிருந்தா நான் சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றான். அவனுக்கு முன்னரே காட்டுமளவுக்கு அந்த நிறுவனத்துக்கு என்ன தலைவிதி என்று உம்மா குசினியிலிருந்து கேட்டார்.

பெருநாள் விடுமுறை முடிந்து வந்ததும் என் ஒற்றை வரியைப் பலகையிலிருந்து எடுத்தேன். இரண்டாம் பாகத்தை மாற்றவில்லை. அவள் கொழும்புக்குப் போனது போனதுதான். ஏன் போனாள், வாவி ஏன் அங்கே வரவில்லை என்று அரைப் பக்கம் எழுதி ஒட்டினேன். எழுத எழுத, பாதிக் காரணம் எனக்கே தெரியவில்லை என்பது தெரியவந்தது. பிறகு மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை ஒரு பென்சிலோடு எடுத்துக்கொண்டு ஒன்பதாம் தர வகுப்புக்குப் போனேன். அவள் வாசலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நான் அப்படி எழுதினது பிழை. இது இன்னும் பலகைக்குப் போகல்ல. வாசிச்சிட்டு, இடறுற இடத்துல வட்டம் போடுங்க" என்றேன். "நெசமாவா ராத்தா?" என்றாள்.

மூன்று நாள் வைத்திருந்தாள். பதினொரு வட்டம். நாலு இடத்தை மாற்றினேன். ஏழை மாற்றவில்லை, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டுக்கு அவள் மறுபடியும் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாள்.